முதுகுத்தண்டில் ஒரு கட்டி

முதுகு வலித்தால், "வாயுப் பிடிப்பு" என்று தைலம் தேய்த்துப் படுத்துக்கொள்வது நம் இல்லங்களின் வழக்கம். பெரும்பாலான வலிகளுக்கு அதுவே போதும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின், படுத்தால் மிகுந்து உறக்கத்தைக் கெடுக்கும் வலியும், அதனைத் தொடர்ந்து கால்களில் மரத்த உணர்வும் தளர்ச்சியும் தோன்றுமாயின், தைலத்தை மூடிவைத்துவிட வேண்டும்.

இலண்டனில் ஒரு படையதிகாரி 1884 முதல் இத்தகைய வலியால் துன்புற்றார். மருத்துவர் பலரைக் கண்டும் காரணம் புலப்படவில்லை. இறுதியில் கால்கள் செயலிழந்தன, சிறுநீரும் தடைப்பட்டது. 1887-இல் அவரைச் சோதித்த வில்லியம் கவர்ஸ், தண்டுவடத்தைக் கட்டி ஒன்று அழுத்துகிறது எனத் துணிந்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895-இல்தான்! 1887 ஜூன் 9-ஆம் நாள் விக்டர் ஹார்ஸ்லி அறுவை செய்தார். எதிர்பார்த்த இடத்தில் கட்டி இல்லை. உடனிருந்த பேலன்ஸ் என்பார், இன்னும் சற்று மேலே எலும்பை அகற்றிப் பார்க்கலாம் என வற்புறுத்தினார். அங்கே இருந்தது, வாதுமைப் பருப்பை ஒத்த கட்டி. ஓராண்டு கழித்து அவ்வதிகாரி நடமாடியதோடு, நாளொன்றுக்கு 16 மணி நேரம் உழைக்கவும் செய்தார்.

இன்று எம்.ஆர்.ஐ. படம் கட்டியின் இடத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. நுண்பெருக்கியின் துணையால், தண்டுவடத்திற்கு வெளியே வளரும் தீங்கற்ற கட்டிகளைப் பெரும்பாலும் முழுமையாகவே அகற்றிவிடலாம். தண்டுவடத்திற்குள்ளேயே வளர்பவை கடினமானவை; அறுவைக்குப் பின் சிறிது காலம் தளர்ச்சி கூடுவதும் உண்டு. மார்பகம், நுரையீரல் முதலியவற்றிலிருந்து பரவிய புற்றிலும் நம்பிக்கைக்கு இடமுண்டு. 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அறுவையும் கதிர்வீச்சும் பெற்றோரில் 100-க்கு 84 பேர் நடந்தனர். கதிர்வீச்சு மட்டும் பெற்றோரில் 57 பேரே நடந்தனர்.

அறுவைக்கு முன் நடக்க இயன்றவரே பின்னரும் நன்கு நடப்பர். ஆகவே காலதாமதமே பெரும் பகை.

வீடு திரும்பியபின் குடும்பத்தாரின் பணி தொடங்குகிறது. நரம்பு மெல்லவே தேறும், மாதங்கள் ஆகலாம். உணர்வற்ற உடலில் படுக்கைப்புண் வலியின்றியே வந்துவிடும். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து, குதிகாலையும் இடுப்பின் பின்புறத்தையும் நாள்தோறும் பார்க்க வேண்டும். இயன்முறைப் பயிற்சியை ஒருநாளும் விடலாகாது. தாமே உண்ண இயன்றவருக்கு அன்பின் மிகுதியால் ஊட்டிவிடுவதும் வேண்டா. நலம் விசாரிக்க வந்து, "இனி எங்கே நடக்கப் போகிறார்" என்று நோயாளியின் காதுபடப் பேசும் உறவினரை வாயிற்படியிலேயே விடைகொடுத்து அனுப்பலாம்.