லப்டொப் ஆருக்குப் போகும்?

தம்பி தங்கச்சிக்கு லப்டொப்போ டெஸ்க்டொப்போ நல்லது எண்டு வீட்டில எங்களிட்டைத்தான் கேப்பினம். ஒரு வீட்டில ரெண்டு மூண்டு பிள்ளைகள் எண்டால், டெஸ்க்டொப்தான் எண்டு நாங்கள் சொல்லுவம்.

கரண்ட் போனால்? நியாயமான கேள்வி. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்த நாடு இது. யுபிஎஸ், செய்த வேலையைச் சேமிக்கச் சில நிமிடங்கள்தான் தரும்.

ஆனால் பல வீடுகளில் லப்டொப் மூத்த பெடியன்ரை அறைக்குள்ள போயிடும். தங்கச்சிக்கு மிஞ்சுறது அம்மாவின்ரை ஃபோன். அதில ஸூம் வகுப்புப் பாக்கலாம், கோடிங் பழகேலுமோ? ஹோலில் இருக்கிற டெஸ்க்டொப்புக்கு எல்லாரும் முறை கேக்கலாம். கீபோர்ட் பழுதானால் அதை மட்டும் மாத்தலாம்.

கரண்ட் எப்பிடியும் திரும்பி வரும். அறைக்குள்ள போன லப்டொப் தங்கச்சியிட்டை வருமோ?