பழைய கேமரா வாங்கப் போகும் நண்பர்களுக்கு

இலக்கிய நண்பர்கள் சிலர் சேர்ந்து மூன்று நிமிட அசைவூட்டப் படம் ஒன்று எடுக்க விரும்புகிறார்கள். அதற்காகப் பழைய ஃபிலிம் கேமரா ஒன்றைத் தேடி வருகிறார்கள். சூப்பர் 8 வாங்குவதா, 16 மி.மீ. வாங்குவதா என்று எங்களிடம் கேட்டிருந்தார்கள். எங்களில் எவரும் ஒளிப்பதிவாளர் அல்லர். ஒருமுறை தவறான கேமராவை வாங்கிப் பட்டிருக்கிறோம் என்பதைத் தவிர, இதற்கு விடை சொல்ல எங்களுக்கு வேறு தகுதி இல்லை.

கைபேசியிலேயே எடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக எடுக்கலாம். ஃபிலிமில் எடுத்ததனாலேயே ஒரு படம் உயர்ந்துவிடுவதில்லை. ஆனால் அச்சுக்கோத்து, டிரெடிலில் ஓட்டி இதழ் நடத்தியவர்களுக்கு நாங்கள் சொல்ல வருவது புரியும். எழுத்தை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அடுக்குகிறவனுக்கு வாக்கியத்தின் நீளம் விரலில் தெரியும். அந்த வகை உழைப்பில் ருசி உள்ளவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

எங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் நான்கு பேர். சிற்றிதழ் அட்டைகளுக்கு ஒருகாலத்தில் ஓயாமல் வரைந்துகொடுத்த மூத்த ஓவியர் ஒருவர், எங்கள் படத்துக்காகக் காகிதப் பாவைகள் வெட்டித் தந்தார். முழங்கை, மணிக்கட்டு, கழுத்து என்று மூட்டு மூட்டாக நூல் கோத்த பாவைகள். கேமராவுக்காக நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை. பார்க்க அழகாக இருந்த, பெரிய ஜூம் லென்ஸ் கொண்ட ஒரு சூப்பர் 8 கேமராவைப் பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் வாங்கினோம். மோட்டார் ஓடியது, ஊசி அசைந்தது. போதும் என்று நினைத்தோம். இரண்டு மாதங்கள் இரவில் அமர்ந்து, பாவைகளை நூலிழை நூலிழையாக நகர்த்திப் படமெடுத்தோம்.

கழுவி, ஸ்கேன் செய்யப்பட்டு வந்த படத்தில் பாவைகள் நன்றாகவே நடந்தன. ஆனால் உலகம் முழுவதும் மின்மினிபோல் துடித்துக்கொண்டிருந்தது. கேமராவின் தானியங்கி ஒளிமானி ஒவ்வொரு சட்டகத்துக்கும் (ஒவ்வொரு தனிப்படத்தையும் அப்படி அழைக்கிறோம்) புதிதாக ஒளியை அளந்து, லென்ஸின் துளையை இம்மியளவு மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. மேசையருகே நாங்கள் நகர்ந்தபோது விழுந்த நிழலைக்கூட அது மதித்திருக்கிறது. அந்தக் கேமராவில் துளையைக் கையால் பூட்டி வைக்க வழியே இல்லை. அதை நாங்கள் வாங்கும்போது கேட்கவும் இல்லை. மறுபடி எடுக்கலாம் என்றால், பாவைகளின் கைகள் இற்றுப்போயிருந்தன. ஓவியருக்கோ அதற்குள் விரல் நடுக்கம் கண்டுவிட்டது. இன்னொரு தொகுதி வெட்டித் தரும்படி கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை.

நண்பர்கள் சூப்பர் 8 பக்கம் சாய்வதற்குச் சொல்லும் காரணம் படச்சுருளின் விலை. இதைத்தான் நாங்கள் மறுக்கிறோம். நடிகர்களை வைத்து எடுக்கும் படத்துக்கு அது சரியான கவலை. 16 மி.மீ. சுருள் 100 அடி நீளம். அடிக்கு 40 சட்டகம் வீதம் மொத்தம் 4,000 சட்டகங்கள். விநாடிக்கு 24 என்று ஓடவிட்டால் மூன்று நிமிடம்கூட முழுதாக நிற்காது. அசைவூட்டத்தில் கணக்கு தலைகீழாகிறது. ஒரு நிலையை இரண்டு சட்டகம் பிடிக்கும் வழக்கப்படி பார்த்தாலும், அந்தச் சுருளை நிரப்ப 2,000 முறை பாவையை நகர்த்த வேண்டும். வேலை முடிந்து வீடு திரும்பியபின் ஓர் இரவில் 50 நகர்த்தல்கள் ஆனால் பெரிது. ஆக, ஒரு சுருள் 40 இரவுகளுக்கு வரும். அதற்கு 16 மி.மீ. வாங்கினால் என்ன, சூப்பர் 8 வாங்கினால் என்ன? இங்கே விலை மிகுந்தது உழைப்பே. அதைப் பாழாக்காத கருவியே மலிவான கருவி.

சூப்பர் 8 மீது எங்களுக்கு வன்மம் ஏதுமில்லை. 1965-இல் கோடாக் நிறுவனம் அதை அறிமுகப்படுத்தியதன் நோக்கமே, சுருளைக் கையால் கோக்கத் தெரியாத குடும்பத் தலைவரும் பிறந்தநாள் விழாவைப் படமெடுக்க வேண்டும் என்பதுதான். அடைத்த பெட்டியாகச் சுருள் வரும், செருகினால் வேலை முடிந்தது. அந்த வசதியே அசைவூட்டத்துக்குக் குறுக்கே நிற்கிறது. சுருளை அழுத்திப் பிடிக்கும் தகடு கேமராவில் இல்லை, பிளாஸ்டிக் பெட்டிக்குள்தான் இருக்கிறது. ஆகவே சட்டகங்கள் ஒன்றன்மேல் ஒன்று அசையாமல் அமர்வதில் சிறு தள்ளாட்டம் இருக்கும். சுருளைத் தாராளமாகப் பின்னோக்கிச் சுற்றவும் முடியாது. எனவே ஒரு காட்சி மங்க இன்னொன்று தெளிவதைக் கேமராவுக்குள்ளேயே செய்வது பெரும்பாலும் கனவுதான். அதோடு, பல மாதிரிகளின் ஒளிமானி கோடாக்ரோம் 40 போன்ற அன்றைய சுருள்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. கோடாக்ரோமைக் கழுவும் கடைசிக் கூடமும் 2010 இறுதியில் அந்த வேலையை நிறுத்திவிட்டது. அன்றைய பாதரச பாட்டரிகளும் இன்று விற்பனையில் இல்லை. இத்தனைக்குப் பிறகும் சூப்பர் 8-தான் என்பவர்கள், துளையைக் கையால் நிறுத்த முடிகிறதா, ஒற்றைச் சட்டகம் எடுக்க கேபிள் செருகும் இடம் இருக்கிறதா என்ற இரண்டையும் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டாம்.

எங்கள் பரிந்துரை, பாட்டரியே இல்லாத, சாவி கொடுத்து ஓட்டும் 16 மி.மீ. கேமரா. குறிப்பாக ஸ்விட்சர்லாந்தின் பயார் நிறுவனம் 1930-களின் நடுவிலிருந்து செய்துவந்த போலெக்ஸ் எச்-16. முழுதாகச் சாவி கொடுத்தால் 24 சட்டக வேகத்தில் ஏறத்தாழ 28 விநாடி ஓடும். ஒற்றைச் சட்டகமாகவும் எடுக்கலாம். வில்லின் பிடியை விலக்கிச் சுருளைப் பின்னால் சுற்றலாம். அதனால் மேற்பதிவு, மங்கித் தெளிதல் எல்லாம் கைக்குள் வரும். மாயா டெரன் தந்தை விட்டுச்சென்ற பணத்தில் வாங்கியது பழைய போலெக்ஸ் ஒன்றைத்தான். 1943-இல் அவரும் கணவர் ஹாமிடும் சேர்ந்து எடுத்த ‘மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்’ இன்றும் திரைப்பட வகுப்புகளில் காட்டப்படுகிறது. 1949-இல் அகதியாக நியூயார்க் வந்திறங்கிய லித்துவேனியக் கவிஞர் ஜோனாஸ் மேகாஸ், கடன் வாங்கி முதலில் வாங்கிய பெரிய பொருளும் ஒரு போலெக்ஸே. (கடன் வாங்கி இதழ் நடத்தும் குணமுள்ள நம்மவர்களுக்கு அவரை உடனே பிடித்துவிடும்.)

போலெக்ஸில் இரண்டு வகை உண்டு. 1956 முதல் வந்த ரிஃப்ளெக்ஸ் மாதிரிகளில் லென்ஸ் வழியாகவே பார்க்கலாம். அதற்கு முந்தியவற்றில் பக்கவாட்டு வ்யூஃபைண்டர்தான். எல்லோரும் ரிஃப்ளெக்ஸையே நாடுவதால் அதன் விலை அதிகம். அசைவூட்டத்துக்கு மட்டும் என்றால் அந்தக் கூடுதல் பணம் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. எங்களில் ஒருவர் இதை ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரிஃப்ளெக்ஸில் முப்பட்டகக் கண்ணாடி ஒளியில் ஒரு பங்கைக் கண்ணுக்கு எடுத்துக்கொள்கிறது. அந்த முப்பட்டகத்துக்கென்றே செய்த அகலக்கோண லென்ஸ்களைத் தேட வேண்டும். ஒற்றைச் சட்டகம் எடுக்கையில் கண்வைக்கும் துளையை மூட மறந்தால் அதன் வழியே ஒளி புகுந்து சுருளைக் கெடுக்கும். மேசைக்கு மேல் தாங்கியில் அசையாமல் நிற்கப்போகும் கேமராவுக்கு ஒவ்வொரு கணமும் லென்ஸ் வழியே பார்க்கும் அவசியம் என்ன? பழைய மாதிரியில் லென்ஸை மேலிடத்துக்குத் திருப்பிக் குவியத்தைச் சரிபார்த்துவிட்டு, மீண்டும் எடுக்கும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு இடங்களுக்கும் உள்ள தூரத்தை ஈடுகட்ட ஒரு மரச்சட்டத்தில் கேமராவைச் சறுக்கிக்கொள்கிறோம். கட்டம் போட்ட தாளை முதலில் சில அடி எடுத்துக் கழுவிப் பார்த்து, சட்டகத்தின் உண்மையான எல்லையை மேசைமேலேயே கோடிட்டுவிட்டால் பிறகு கவலையில்லை. மிகத் தொடக்ககால மாதிரிகளில் மட்டும் ஓர் எச்சரிக்கை. அவற்றின் பற்சக்கரம் இருபுறமும் துளையுள்ள சுருளுக்கானது, இன்று பரவலாகக் கிடைக்கும் ஒருபுறத் துளைச் சுருளை அது கிழித்துவிடும்.

கையில் பணம் குறைவென்றால் சோவியத் நாட்டின் க்ராஸ்னகோர்ஸ்க்-3 இருக்கிறது. கண்ணாடி ஷட்டர் வழியே ஒளியிழப்பின்றிப் பார்க்கலாம், பழைய ஸ்டில் கேமராக்களின் எம்42 லென்ஸ்களும் பொருந்தும். ஆனால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. ஒன்று பத்தாண்டு உழைக்கும், மற்றொன்று முதல் நாளே சுருளைக் கீறும்.

எதை வாங்கினாலும் கடைக்காரர் முன்னிலையில் செய்ய வேண்டியவை சில உண்டு. முழுச் சாவி கொடுத்து எல்லா வேகத்திலும் ஓடவிட்டுக் காதால் கேளுங்கள். கடைசிவரை சத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒற்றைச் சட்டகம் தட்டி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் ஷட்டர் மூடிய நிலையில் நிற்க வேண்டும். லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டுங்கள். கடற்கரை நகரங்களில் இருந்தவை என்றால் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருக்கும். வாங்கி வந்தபின் ஒரே ஒரு சோதனை. கறுப்புத் தாளில் வெள்ளைச் சிலுவைக் குறி ஒன்றைச் சில அடி எடுத்து, சுருளைப் பின்னால் சுற்றி, தாளைச் சற்று நகர்த்தி மறுபடி அதன்மேலேயே எடுங்கள். கழுவிப் பார்க்கையில் இரண்டு குறிகளுக்கும் இடையே உள்ள இடைவெளி துடித்தால், அந்தக் கேமரா உங்கள் நாற்பது இரவுகளுக்கு ஏற்றதன்று.

கறுப்பு வெள்ளையில் எடுப்பதானால் சுருளைக் கழுவ வெளியூருக்கு அனுப்ப வேண்டியதில்லை. சுழல் தொட்டியும் டி-76 கரைசலும் இருட்டறையாக மாற்றக்கூடிய குளியலறையும் போதும். கரைசல் 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்கிறார்கள். சென்னைக் குழாய்த் தண்ணீர் கோடையில் அதை 30 டிகிரியில் கேலி செய்யும். பாலிதீன் பையில் கட்டிய ஐஸ்கட்டிகளை வெளித்தொட்டியில் மிதக்கவிட்டுச் சமாளிக்கிறோம். கீறல்கள் விழத்தான் செய்கின்றன.

இப்போது எங்கள் மேசைக்கு மேல் நிற்பது ரிஃப்ளெக்ஸ் அல்லாத ஒரு எச்-16. தேவைப்பட்டால் நண்பர்கள் வந்து பார்க்கலாம், ஒரு சுருளை இரவல் கேமராவில் சோதித்தும் கொள்ளலாம். பாவைகளின் கைகளை ஓவியரின் பழைய கோட்டோவியங்களைப் பார்த்து எங்களில் ஒருவரே வெட்டினார். ஓவியர் அவற்றைப் பார்த்துவிட்டு, முழங்கை மட்டும் தம்முடையது போல் இல்லை என்றார். அதைத் திருத்தியாகிவிட்டது. குறிப்பேட்டின்படி 1,312-ஆம் சட்டகத்தில் நிற்கிறோம்.