ஆன்லைன் பயிற்சி மலிவா? கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைக் குறிவைத்து, 'வீட்டிலிருந்தே தொழில்நுட்பம் கற்கலாம்' என்ற விளம்பரங்கள் நம் கைபேசிகளுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. வகுப்பறையை விட இது மலிவு என்றே பெற்றோர்கள் பலர் நினைக்கிறார்கள். கட்டணத்தை மட்டும் பார்த்தால் உண்மைதான். ஒருமுறை பதிவு செய்த பாடத்தை நூறு பேர் பார்த்தாலும் லட்சம் பேர் பார்த்தாலும் செலவு பெரிதாகக் கூடாது. ஐஐடிகளின் என்பிடெல் பாடங்களை இலவசமாகவே படிக்கலாம். சான்றிதழ் தேர்வுக்குத்தான் கட்டணம்.

வெல்டிங், ஏசி மெக்கானிக் போன்ற வேலைகளில் கணக்கே வேறு. அங்கே செலவு பாடத்தில் இல்லை. இயந்திரத்திலும், பழகும்போது வீணாகும் ராடிலும், பக்கத்தில் நின்று கையைத் திருத்தும் ஆசிரியரிடமும் இருக்கிறது. பயிற்சி வீட்டுக்கு வந்தால் இந்தச் செலவு குடும்பத்தின் தலையில் விழும். இல்லையென்றால் செய்முறையே நடக்காது. தமிழக அரசு ஐடிஐகளில் இதை அரசே சுமக்கிறது. கல்விக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, இலவச பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் 1000 ரூபாய் தனி.

வளைகுடாவை நம்பியிருக்கும் வீடுகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எலக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர், ஏசி டெக்னீஷியன் ஆகியோருக்கு சவூதி அரேபியா இந்தியாவிலேயே திறன் சரிபார்ப்புத் தேர்வு நடத்துகிறது. அதில் செய்முறையும் உண்டு. வீடியோ பார்த்து மட்டும் கற்றவர் அங்கே என்ன செய்வார்?

கோடிங், டேலி, டிசைன் போன்றவற்றுக்கு ஆன்லைன் பொருந்தும். ஒரு கம்ப்யூட்டர் போதும். ஆனால் முடிப்பவர்கள் குறைவு. ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய ஆன்லைன் பாடங்களிலேயே, 2017-18இல் சேர்ந்தவர்களில் சுமார் 3 சதவீதம் பேர்தான் முடித்தார்கள் என்று ஆய்வு சொல்கிறது. சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களிலும் பாதிப் பேர் முடிக்கவில்லை. பாதியில் விட்டவருக்கு எந்தக் கட்டணமும் மலிவல்ல. அந்தக் கட்டணம் மாதத் தவணையாக இருந்தால் இன்னும் மோசம். பெரும்பாலும் அது நிதி நிறுவனக் கடன். வகுப்பு நின்றாலும் தவணை நிற்காது. 'வட்டியில்லை' என்று வாயால் சொன்னதை நம்பாமல், ஒப்பந்தத்தைப் படித்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. பல மஹல்லாக்களில் மதரஸா அறைகள் பகலில் பூட்டியே கிடக்கின்றன. ஜமாஅத் அங்கே ஐந்தாறு கம்ப்யூட்டர்களும் இணையமும் தந்து, வருகையைக் கவனிக்க ஒருவரை அமர்த்தினால், அதே இலவசப் பாடங்களைப் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து முடிக்கலாம். வெளியூர் அனுப்பத் தயங்கும் பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்கலாம். அறைக்கு வாடகையில்லை, மின்கட்டணமும் இணையக் கட்டணமும் ஒருவரின் சம்பளமும்தான் மாதச் செலவு.