காருக்கு டயர் வாங்கும்போது வயசையும் பாருங்கள்

மாவுப்பூச்சி, சொட்டுநீர் மானியம், கூட்டுப் பட்டா என்று வழக்கமான கேள்விகளுக்கு நடுவே, சில இதழ்களாக டயர் பற்றியும் கடிதங்கள் வருகின்றன. வேளாண் அலுவலருக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். விதை, உரம், மருந்து எல்லாவற்றுக்கும் ரசீது கேளுங்கள், தேதி பாருங்கள் என்று முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். அதே பாடம்தான் டயருக்கும். வந்த கடிதங்களில் நான்கை எடுத்துக்கொண்டேன்.

“ஐயா, எங்களிடம் பழைய மாருதி கார் ஒன்று இருக்கிறது. 2018-ல் செகண்ட்ஹேண்டாக வாங்கும்போது நான்கு டயரும் புதுசாகப் போட்டுக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி, கல்யாணம், குலதெய்வம் கோயில் என்று போக மட்டும்தான் எடுப்போம். வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது. ஆனாலும் மெக்கானிக் நான்கையும் மாற்றச் சொல்கிறார். காசு பிடுங்கப் பார்க்கிறாரா? ஆடிப்பெருக்குக்குக் குடும்பத்தோடு கொல்லிமலை போகிறோம்.” இது புதுச்சத்திரம் பக்கத்து வாசகர் எழுதியது.

மெக்கானிக் சொல்வது சரிதான். நம் ஊர்க் கார்களின் டயர் தேய்ந்து கெடுவதைவிட நின்றே கெடுவதுதான் அதிகம். ரப்பர் வெயிலிலும் காற்றிலும் வருஷா வருஷம் இறுகிக்கொண்டே போகும். அதை இளக்கமாக வைத்திருக்கக் கலந்த எண்ணெய்ப் பொருள், டயர் உருண்டு வளையும்போதுதான் மேலே வந்து காக்கும். மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிற காரில் அது நடப்பதில்லை. மாட்டுக் கொட்டகை ஓரமாக, ஒரு பக்கம் சாயங்கால வெயில் படுகிற மாதிரி நிறுத்திய காரைப் போய்ப் பாருங்கள். வெயில் படுகிற பக்கத்து டயரின் பக்கச் சுவரில் கோடைக் காலக் களிமண் போல மெல்லிய வெடிப்பு ஓடியிருக்கும். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த டயரை நம்பி மலை ஏறக்கூடாது.

டயரின் வயசைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. பக்கச் சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருஷம். 3825 என்றால் 2025-ம் வருஷத்தின் 38-வது வாரம், அதாவது செப்டம்பரில் செய்த டயர். பல டயர்களில் இந்த எண் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். வெளிப்பக்கம் காணவில்லை என்றால் காருக்கு அடியில் குனிந்து உள்பக்கம் பாருங்கள். ஐந்து வருஷம் தாண்டினால் வருஷத்துக்கு ஒருமுறை டயர்க்காரரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும். பத்து வருஷத்துக்கு மேல் எப்படி இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பது டயர் கம்பெனிகளே சொல்கிற கணக்கு. நம் சேலம், நாமக்கல் வெயிலுக்கு ஆறேழு வருஷத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. உங்கள் டயர் அந்த வயசைத் தொட்டுவிட்டது.

நான்குக்கும் சேர்த்துப் பணம் இல்லை என்றால் இப்போது இரண்டு போடுங்கள், மரவள்ளி வெட்டியதும் மீதி இரண்டு. புது டயர் இரண்டையும் பின்னால் போடச் சொல்லுங்கள். நம்மில் பலர் முன்னால்தான் போட வேண்டும் என்று நினைக்கிறோம். ஈரச் சாலையில் முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங்கிலேயே தெரிந்துவிடும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி சுற்றிக்கொண்டு நின்ற பிறகுதான் தெரியும். ஆனால் ஒன்று: மீதி இரண்டையும் மாற்றுகிற வரை கொல்லிமலைக்குக் காரில் போக வேண்டாம். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. குடும்பத்தோடு இறங்கும்போது பிரேக்கும் டயரும் சேர்ந்து சூடாகும். நாமக்கல்லிலிருந்து பஸ் இருக்கிறது, அறப்பளீஸ்வரரைப் பஸ்ஸில் போயும் கும்பிடலாம்.

ஸ்டெப்னியையும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் கார் வாங்கிய நாளிலிருந்து அதே டயர்தான் டிக்கியில் தூங்கிக்கொண்டிருக்கும்.

இனி எந்த டயர் வாங்குவது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அளவும் காற்றழுத்தமும் அதில் உண்டு. உதாரணமாக, 165/80 ஆர் 14 85 டி என்றால் அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 80 சதவீதம், ஆர் என்பது ரேடியல், 14 அங்குல ரிம். 85 என்பது சுமை எண், அந்த டயர் ஒன்று தாங்கக்கூடியது 515 கிலோ. டி என்பது வேக எழுத்து, மணிக்கு 190 கிலோமீட்டர் வரை. வேக எழுத்தைப் பற்றி நமக்குக் கவலை இல்லை, நம் ஆட்கள் எண்பதுக்கு மேல் போவதில்லை. சுமை எண் மட்டும் ஸ்டிக்கரில் அல்லது கம்பெனிப் புத்தகத்தில் உள்ளதற்குக் குறையக்கூடாது. பின் சீட்டை மடக்கிக் கோழித் தீவன மூட்டை ஏற்றுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. “கொஞ்சம் அகலமாகப் போட்டால் கார் எடுப்பாகத் தெரியும்” என்று கடையில் சொல்வார்கள். ஸ்டியரிங் கனக்கும், பெட்ரோல் கூடக் குடிக்கும், விலையும் கூடும். கம்பெனி சொன்ன அளவே போதும்.

விலையில் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். ஐம்பதாயிரம் கிலோமீட்டர் உழைக்கும் என்று ஒரு டயருக்குக் கூடுதல் விலை சொல்வார்கள். வருஷத்துக்கு மூவாயிரம் ஓடுகிற கார் ஐம்பதாயிரம் ஓட 16 வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்கு முன்பே டயர் வயசாகிச் செத்துவிடும். உழைக்காத உழைப்புக்கு ஏன் காசு? பெயர் தெரிந்த கம்பெனியில் விலை குறைந்த மாடல், ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஆறு மாதத்துக்குள் செய்த தேதி. இந்த மூன்றும் இருந்தால் உங்கள் காருக்கு அதுவே முதல்தர டயர். ஒரு வருஷம் தாண்டிய சரக்கு என்றால் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு வருஷம் தாண்டியது என்றால் எவ்வளவு குறைத்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

தேதியை டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன் பாருங்கள். ஏற்றிய பிறகு கடைக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார், நமக்கும் கேட்கக் கூச்சமாக இருக்கும்.

வரியும் குறைந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. வரிக்கு முன் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் முன்பு 3,840, இப்போது 3,540. நான்கு டயருக்கு 1,200 ரூபாய் வித்தியாசம். “வரி இல்லாமல் தருகிறேன், பில் வேண்டாம்” என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். டயர் வீங்கினாலோ பட்டன் பிய்ந்தாலோ கம்பெனி வாரன்டி கேட்கப் பில் வேண்டும், அதில் டயரின் எண்ணும் எழுதியிருக்க வேண்டும். சேலத்தில் இரண்டு கடை, நாமக்கல்லில் ஒரு கடை என்று போனிலேயே விலை கேளுங்கள். கேட்கும்போது வரி, மாட்டும் கூலி, புது வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து எவ்வளவு, பழைய டயருக்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்று ஒரே மூச்சில் கேளுங்கள். டயருக்கு இருநூறு குறைத்துவிட்டு மற்றதில் ஐநூறு ஏற்றுவது பழைய வித்தை.

அடுத்தது ஓமலூர் பக்கத்திலிருந்து காய்கறி விவசாயி ஒருவர். “டாடா ஏஸ் வைத்திருக்கிறேன். தினமும் விடியற்காலை சூரமங்கலம் உழவர் சந்தைக்கு லோடு. பழைய டயர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. ரீபட்டன் போட்டதும் இருக்கிறது. எது லாபம்?”

உங்களுக்கு மேலே சொன்னதற்கு நேர் எதிரான கணக்கு. உங்கள் வண்டி தினமும் ஓடுகிறது, டயர் வயசாவதற்குள் தேய்ந்துவிடும். அதனால் விலையைக் கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள். 4,000 ரூபாய் டயர் 40,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்குப் பத்துப் பைசா. 2,000 ரூபாய்ப் பழைய டயர் 10,000 ஓடினால் இருபது பைசா. பாதி விலை என்று வாங்கி இரண்டு மடங்கு கொடுக்கிறோம். சந்தைக்குப் போகிற வழியில் டயர் வெடித்துத் தக்காளி ரோட்டில் நின்றால் அது தனி நஷ்டம்.

பழைய டயரில் இன்னொரு சூது உண்டு. தேய்ந்த டயரில் சூடான கத்தியால் புதுசாகக் காடி வெட்டிக் கறுப்பு மை பூசி வைத்திருப்பார்கள். பார்க்கப் பட்டன் ஆழமாகத் தெரியும். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. டயரின் காடிக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அந்த மேட்டு மட்டத்துக்குத் தேய்ந்தால் டயரின் ஆயுள் முடிந்தது. சட்டப்படியும் அதற்குக் கீழே ஓட்டக்கூடாது. வெட்டிய டயரில் இந்த மேடும் சேர்ந்து வெட்டுப்பட்டிருக்கும். காடியில் விரலை விட்டுத் தடவுங்கள். மேடு ஒன்றும் தட்டுப்படவில்லை என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ரீபட்டனை நான் குறைசொல்லவில்லை. நாமக்கல், சங்ககிரி லாரிகளும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் ரீபட்டன் இல்லாமல் ஓடியிருக்காது. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்து ஆரம்பித்த எம்.ஆர்.எஃப். கம்பெனிகூட, டயர் செய்வதற்கு முன், 1952-ல் ரீபட்டனுக்கான ரப்பர் பட்டைதான் செய்தது. லாரி டயரின் உள்கூடு கெட்டியானது, இன்னொரு பட்டன் தாங்கும். அதனால் லாரியின் பின் சக்கரத்துக்கு, டிராக்டர் டிரெய்லருக்குத் தாராளமாகப் போடலாம். கூட்டில் நூல் அறுந்திருக்கக்கூடாது, பக்கச் சுவரில் வெட்டு இருக்கக்கூடாது, அவ்வளவுதான். சின்ன வண்டிக்கு, அதிலும் முன் சக்கரத்துக்கு வேண்டாம். கார் டயருக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

ஆத்தூரிலிருந்து ஒரு தம்பி டிராக்டர் பின் டயர் பற்றிக் கேட்டிருக்கிறார். அவருக்கு நல்ல செய்தி. அதே செப்டம்பர் 22 முதல் டிராக்டர் டயருக்கும் டியூபுக்கும் வரி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. வரிக்கு முன் 15,000 ரூபாய் டயர் என்றால் 17,700 கொடுத்த இடத்தில் இப்போது 15,750. பில்லில் 5 சதவீதம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள் தம்பி. ஈரக் காட்டில் சக்கரம் சுழல்கிறது என்றும் எழுதியிருக்கிறார். டயரை மாற்றுவதற்கு முன் அதில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பிப் பாருங்கள், வால்வு மேலே இருக்கும்படி வைத்து நிரப்ப வேண்டும். பட்டன் பாதியாவது இருந்தால் எடை கூடியதும் சுழல்வது குறையும், இன்னும் இரண்டு போகம் ஓட்டலாம். ஒரு பக்கம் மட்டும் புதுசு போடாதீர்கள். இரண்டு டயரின் உயரமும் வேறுபட்டால் உழவு சாயும், டிஃபரன்ஷியலுக்கும் கேடு.

கடைசியாக நைட்ரஜன். “காற்றுக்குப் பதில் நைட்ரஜன் பிடிக்கச் சொல்கிறார்கள், காசு கேட்கிறார்கள்” என்கிறார் ராசிபுரம் வாசகி ஒருவர். நாம் சும்மா பிடிக்கிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கிறது அம்மா. இலவசமாகக் கிடைத்தால் பிடியுங்கள், இல்லாவிட்டால் சாதாரணக் காற்று போதும். அதை மாதம் இரண்டு முறை, காலையில் டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். வெயிலில் ஓடி வந்தபின் அழுத்தம் ஏறித்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். சித்திரை வெயிலில் டயர் வெடிப்பது பெரும்பாலும் காற்றுக் குறைவாலும் அதிகச் சுமையாலும்தான். காற்றுக் குறைந்த டயர் அதிகமாக வளைந்து வளைந்து உள்ளுக்குள்ளேயே சூடாகிறது. நம் காட்டு வழியில் சீமைக்கருவேல முள் வேறு. டியூப்லெஸ் டயரில் முள் குத்தினால் காற்று மெதுவாக இறங்கும், இரண்டு நாள் நமக்கே தெரியாது. வாரத்தில் ஒருநாள் பட்டனைத் தடவிப் பார்த்துவிடுங்கள்.

பழைய டயரைக் கடையில் கொடுக்காமல் வீட்டுக்கு எடுத்து வருகிறவர்கள் அதை மாட்டுக் கொட்டகை மேல் போட்டு வைக்காதீர்கள். மழைத் தண்ணீர் தேங்கி டெங்குக் கொசு முட்டையிடும். ஊஞ்சல் கட்டினாலும் அடியில் இரண்டு ஓட்டை போட்டுக் கட்டுங்கள்.

மரவள்ளி மாவுப்பூச்சிக்கு ஒட்டுண்ணிக் குளவி எப்போது விடுவது, எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் பதில்.