காலிக் கல்லறையும் பூட்டிய அறையும்

டிஸ்கி முதலிலேயே போட்டுடறேன். ஏசுன்னு ஒருத்தர் இருந்ததே இல்லைன்னு ஜல்லியடிக்கிற பதிவு இல்லை இது. அவர் இருந்தார், பொந்தியு பிலாத்து காலத்தில் சிலுவையில் அறையப்பட்டு செத்தார் என்பதை வரலாற்று ஆய்வாளர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். மத நம்பிக்கையை விட்டு வெளியே வந்த பார்ட் எர்மனே அதை நிறுவ 2012-ல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அப்புறம், ஏசுவை நம்பி நாலு பேருக்கு நல்லது செய்து வாழ்கிறவர்களோடும் எனக்கு சண்டை கிடையாது.

என் சண்டை 'நிரூபணம்' என்கிற ஒரு வார்த்தையோடுதான்.

"நான் நம்புகிறேன்" என்று ஒருவர் சொன்னால் சரி, பேச ஒன்றுமில்லை. "ஆதாரம் அவ்வளவு பலமா இருக்கு, கோர்ட்டுல வெச்சாலும் ஜெயிக்கும், இதைப் பார்த்தும் நீ ஏத்துக்கலைன்னா உன் இருதயம் கடினப்பட்டிருக்கு"ன்னு சொன்னால் அது வேற கதை. 1972-ல் ஜோஷ் மெக்டவல் பிரபலமாக்கிய பாணி இது. முன்பு சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகையில் சட்டச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்த லீ ஸ்ட்ரோபல் 1998-ல் அதையே துப்பறியும் கதை மாதிரி எழுதி உலகம் பூரா விற்றார். என் ஆபீசில் என் டேபிளுக்கும் அது வந்து சேர்ந்தது. முழுசா படிச்சேன். கோர்ட்டுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அப்ப குறுக்கு விசாரணையும் உண்டுதானே?

நான் கேட்பது ஒன்றே ஒன்று. மற்ற மதங்களின் அற்புதங்களை எந்த ஸ்கேலால் அளக்கிறீர்களோ, அதே ஸ்கேலை இங்கேயும் வையுங்கள். அவ்வளவுதான்.

ஐயாயிரம் பிரதிகள்

புதிய ஏற்பாட்டுக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் இருக்காம், சீசருக்குக்கூட அவ்வளவு இல்லையாம். எண்ணிக்கை உண்மைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை 9-ம் நூற்றாண்டுக்குப் பிறகு எழுதப்பட்டவை. அதை விடுங்க. பிரதிகள் அதிகமா இருந்தா, மூலத்தில் என்ன எழுதியிருந்தது என்று கண்டுபிடிப்பது சுலபம். எழுதியது நடந்ததா என்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? டேட்டாபேஸில் தப்பான ரெக்கார்ட் ஒன்று ஏறிவிட்டால், அதை ஐயாயிரம் தடவை பேக்கப் எடுத்தாலும் தப்பு தப்புதான். பேக்கப் நல்லா வேலை செய்யுதுன்னு வேணா சொல்லலாம்.

இன்னொண்ணு. 4-ம் நூற்றாண்டைச் சேர்ந்த, மிகப் பழைய, ஏறக்குறைய முழுமையான பிரதிகளான சினாய், வத்திக்கான் பிரதிகள் இரண்டிலும் மாற்கு சுவிசேஷம் 16-ம் அதிகாரம் 8-ம் வசனத்தோடு முடிகிறது. பெண்கள் பயந்து ஓடுகிறார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, முற்றும். உயிர்த்தெழுந்த ஏசு காட்சி தருகிற அடுத்த 12 வசனங்கள் அவற்றில் இல்லை. பிரதிகளைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அவை இதையும் சேர்த்துத்தான் சொல்லும்.

நாலு சாட்சி

மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்று நாலு தனித்தனி சாட்சிகள் என்பார்கள். மாற்கு எழுதப்பட்டது ஏறத்தாழ கி.பி. 70-ல், அதாவது சம்பவம் நடந்து நாற்பது வருஷம் கழித்து. மாற்கில் இருப்பதில் சுமார் 90 சதவீதம் மத்தேயுவில் அப்படியே இருக்கிறது, பல இடங்களில் வார்த்தைக்கு வார்த்தை. லூக்காவிலும் பாதிக்கு மேல். எஞ்சினியரிங் காலேஜில் ரெக்கார்ட் நோட்டு எழுதின யாரைக் கேட்டாலும் இதற்கு அர்த்தம் சொல்வாங்க :-) மூணு நோட்டுல ஒரே ரீடிங் இருந்தா எக்ஸ்பெரிமெண்ட் மூணு தடவை நடந்ததுன்னு அர்த்தம் இல்லை.

சரி, வேறுபடும் இடங்களைப் பார்ப்போம். கல்லறையில் இருந்தது மாற்கில் ஒரு வாலிபன், மத்தேயுவில் ஒரு தேவதூதன், லூக்காவில் இரண்டு பேர். சீஷர்கள் கலிலேயாவுக்குப் போய் அங்கே பார்க்கிறார்கள் என்கிறது மத்தேயு. எருசலேமிலேயே அன்றைக்கே பார்த்தார்கள், நகரத்திலேயே இருங்கள் என்று சொன்னார் என்கிறது லூக்கா. கேட்டால், "சின்னச் சின்ன முரண்பாடு இருப்பதே இவங்க கூடிப் பேசி வெச்சுக்கலைன்னு காட்டுது" என்பார்கள். ஒத்துப்போனாலும் நிரூபணம், ஒத்துப்போகலைன்னாலும் நிரூபணம். எந்த இன்புட் கொடுத்தாலும் 'பாஸ்' என்றே சொல்லும் டெஸ்ட் கேஸை எங்கள் டீமில் யாரும் செக்-இன் பண்ண விடமாட்டோம்.

பவுல் சொல்லும் 500 சாட்சிகள்? 1 கொரிந்தியர் 15-ம் அதிகாரம். பெயர் இல்லை, ஊர் இல்லை, அவர்களில் ஒருவர்கூட எழுதி வைத்தது இல்லை. இது 500 வாக்குமூலம் இல்லீங்க, 500 பேர் பார்த்தாங்கன்னு ஒருத்தர் எழுதின ஒரு கடிதம். தானும் பார்த்ததாக பவுல் நேரடியாகச் சொல்கிறார், அதை அவர் மனதார நம்பினார் என்றே நானும் நினைக்கிறேன். ஆனா மனதார நம்புவது வேறு, நடந்தது என்பது வேறு.

பொய்க்காக யாராவது சாவாங்களா?

இதுதான் ரொம்ப உருக்கமான வாதம். பன்னிரண்டு சீஷர்களில் ஒருவரைத் தவிர எல்லாரும் இரத்த சாட்சியாக இறந்தார்கள் என்பார்கள். ஜோஷ் மெக்டவலின் மகன் ஷான் மெக்டவல் இதைப் பற்றியே ஆராய்ந்து 2015-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவரும் கிறிஸ்தவ வாதங்களுக்காகப் பேசுபவர்தான். மிக உறுதியாகச் சொல்ல முடிவது என்று அவரே மதிப்பிட்டது பேதுரு, பவுல், இரண்டு யாக்கோபுகள் என நாலே பேரைத்தான். அதில் பவுலும் ஏசுவின் சகோதரரான யாக்கோபும் பன்னிருவரிலேயே சேர்த்தி இல்லை.

நம்ம ஊர் பரங்கிமலையையே எடுத்துக்கங்க. தோமா இந்தியாவுக்கு வந்து கொல்லப்பட்டார் என்பதற்குப் பழைய மூலம் 3-ம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'தோமாவின் நடபடிகள்'. அதில் கழுதை பேசும். அதில் வரும் கோண்டோபரஸ் ராஜாவின் நாணயங்கள் கிடைத்திருக்கின்றன, எனவே கதை உண்மை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. பொன்னியின் செல்வனில் வரும் ராஜராஜனுக்கும் குந்தவைக்கும் கல்வெட்டே இருக்கிறது. அதனால நந்தினியும் நிஜமாயிடுவாளா?

அப்புறம், சீஷர்கள் பொய் சொன்னார்கள் என்று யார் சொன்னது? உண்மை என்று நம்பியே செத்திருக்கலாம். நம்பியதற்காக உயிரைக் கொடுத்தவர்கள் எல்லா மதத்திலும், எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள்.

இப்ப அந்த ஸ்கேல்

கடைசி அஸ்திரம் காலிக் கல்லறை. "உடல் எங்கே போச்சு? உயிர்த்தெழுதலைத் தவிர வேறு விளக்கம் கொடு பார்க்கலாம்."

வடலூர் பக்கத்தில் மேட்டுக்குப்பம் போங்க. 1874 ஜனவரி 30-ம் தேதி வள்ளலார் அங்கே சித்தி வளாகத்தில் ஓர் அறைக்குள் போனார். கதவைப் பூட்டச் சொன்னார். பிறகு திறந்து பார்த்தபோது அறை காலி. அவருடைய சீடர் தொழுவூர் வேலாயுத முதலியார், சென்னை பிரசிடென்சி காலேஜில் தமிழ்ப் பண்டிதர். 1882-ல், அதாவது எட்டே வருஷத்தில், தியசாபிகல் சொசைட்டிக்குத் தன் பெயரைப் போட்டு இதை வாக்குமூலமாகவே கொடுத்திருக்கிறார்.

இப்ப உங்க லிஸ்ட்டை வெச்சு டிக் பண்ணுங்க. காலியான இடம், உண்டு. உடல் கிடைக்கவில்லை, உண்டு. கூடவே இருந்த சீடரின் சாட்சி, உண்டு, அதுவும் படித்தவர், பெயர் தெரிந்தவர், அச்சில் வந்தது. இடைவெளி நாற்பது இல்லை, எட்டு வருஷம். 

இதை எனக்குத் தெரிந்த ஒரு விசுவாசியிடம் கேட்டேன். "யாராவது உடலை எடுத்திருக்கலாம், பக்தியில மிகைப்படுத்தியிருக்கலாம், கதை வளர்ந்திருக்கலாம்" என்றார். அருமையான பதில். ஒரு வார்த்தை மாற்ற வேண்டியதில்லை. அதையே அப்படியே எருசலேமுக்குக் கொண்டு போங்கன்னுதான் நான் சொல்றேன்.

"ஆகா, சரியா சொன்னீங்க"ன்னு ஓடிவரும் காவி அன்பர்களே, கொஞ்சம் நில்லுங்க. நாசா போட்டோவைக் காட்டி ராமர் பாலம் நிரூபணம் ஆயிடுச்சுன்னு 2007-ல் நீங்க அடிச்ச ஜல்லிக்கும் இதே ஸ்கேல்தான்.

இதுக்கு ஏன் இவ்வளவு டென்ஷன், நம்பறவங்க நம்பிட்டுப் போகட்டுமேன்னு கேட்கலாம். எங்க பாட்டி வீட்டுப் பூஜை அலமாரியில் வள்ளலார் படம் இருந்தது. அவர் ஜோதியில் கலந்தார் என்று சாகும்வரை நம்பினாள். நான் நம்பலைன்னு அவளுக்குத் தெரியும். "அது உன் இஷ்டம்டா, சாப்பிட்டியா?" அவ்வளவுதான் அவள் கேட்டது. நம்பாதவன் நெருப்பில் வேகுவான் என்று அவள் சொன்னதில்லை. ஆதாரம் மறுக்க முடியாதது என்று சொல்லுகிறவர்களின் கணக்குப்படி, எங்க பாட்டி ஒரு தெளிவான கேசில் தப்பான தீர்ப்பு சொன்ன குற்றவாளி. அதற்கான தண்டனை முடிவே இல்லாதது. இவ்வளவு பெரிய தண்டனையைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்பது வருஷம் கழித்து எழுதிய, பெயர் தெரியாத சாட்சியங்களை நீட்டினால் எனக்குக் கோபம் வருது.

உங்க நம்பிக்கை உங்களுக்கு. அதை நம்பிக்கைன்னே சொல்லுங்க. ஆதாரம்னு சொன்னா, நான் கேள்வி கேட்பேன். அதுக்கு என் இருதயத்தைக் குறை சொல்லாதீங்க.