பாட்டியையும் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள்

பிரிக்பீல்ட்ஸில் பேருந்து ஏறினால், பிள்ளைகள் நொறுக்குத்தீனிப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் பெர்டானா தாவரவியல் பூங்கா வந்துவிடும். செம்பருத்தி, ஆர்க்கிட், பணித்தாளில் பத்துப் பெயர்கள், ஒரு குழுப்படம். மதியத்துக்குள் திரும்பிவிடலாம். ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இது போதாது என்பேன்.

அந்தப் பூங்காவை ஆல்பிரட் வென்னிங் 1888இல் அமைக்கத் தொடங்கினார். அதே ஆண்டு ஹென்றி ரிட்லி சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றார். லண்டன் கியூ பூங்காவிலிருந்து 1877இல் 22 ரப்பர் கன்றுகள் அங்கே வந்திருந்தன. மரத்தைச் சாகடிக்காமல், பட்டையை மட்டும் மெல்லச் சீவித் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையை ரிட்லி கண்டறிந்தார். ரப்பர் நடச் சொல்லி ஓயாமல் வற்புறுத்தியவரைக் கிறுக்கர் என்று கேலி செய்தார்கள். பிறகு மலாயா முழுக்க ரப்பர்தான். அந்தப் பால் வெட்டத்தான் நம் முன்னோர் பலர் கப்பலேறினார்கள்.

ஆக, நாம் இங்கே இருப்பதற்கு ஒரு தாவரவியல் பூங்காவும் காரணம். பணித்தாளில் இது இருக்காது.

என் மகளுக்குத் 'தோட்டம்' என்றால் பூச்செடி. என் அம்மாவுக்கோ விடியுமுன் பிரட்டு, மரத்தில் மங்கு, மழை பெய்தால் போன கூலி.

ஆசிரியர்களே, அடுத்த முறை பேருந்தில் இரண்டு இருக்கைகளைப் பாட்டி தாத்தாக்களுக்கு ஒதுக்குங்கள். பட்டையை எந்தச் சாய்வில், எவ்வளவு ஆழம் சீவுவது என்று விரலாலேயே காட்டுவார்கள். (கத்தியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.)

அம்மாவுக்கு இந்த ஆண்டு 78.