"வேலை செய்யவில்லை" என்றால் போதுமா?

சமையல் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு வரும் கடிதங்களில் இரண்டு ரகம் உண்டு. "உங்கள் குறிப்பைப் பார்த்து மைசூர்பாகு கிளறினேன், கல்லாய்ப் போயிற்று" என்பது ஒரு ரகம். "பாகு ஒரு கம்பிப் பதத்தைத் தாண்டிய பிறகு மாவைக் கொட்டினேன், கல்லாய்ப் போயிற்று" என்பது மற்றொரு ரகம். முதல் கடிதத்துக்கு அனுதாபப்படலாம். இரண்டாவதற்குத்தான் பரிகாரம் சொல்ல முடியும்.

பழைய கம்ப்யூட்டர்களைப் பேணும் அன்பர்கள் விஷயத்திலும் இதே கதைதான்.

1980களில் மேல்நாட்டு வீடுகளில் புகுந்த காமடோர் 64, அமீகா முதலிய யந்திரங்கள், எழுதியதையும் வரைந்ததையும் பிளாப்பி என்னும் காந்தத் தட்டில் சேமித்தன. காந்தப் பூச்சு சாசுவதமா என்ன? நாளாக ஆகப் பூஞ்சை பிடிக்கும், உதிரும். ஆகவே தட்டிலுள்ளது அனைத்தையும் ஒரே கோப்பாகப் பிரதி எடுத்துவிடுகிறார்கள். இதற்கு 'டிஸ்க் இமேஜ்' என்று பெயர். காமடோரின் 1541 டிரைவுக்கான தட்டில் 35 வட்டப் பாதைகள், 683 பகுதிகள், பகுதிக்கு 256 பைட். ஆக மொத்தம் 1,74,848 பைட். செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவே இதைவிடப் பன்மடங்கு பெரிது!

இவ்வளவு சின்னப் பிரதிக்கு இத்தனை பாடா என்கிறீர்களா? கேளுங்கள். 1985-ல் அமீகாவின் அறிமுக விழாவில், பிரபல ஓவியர் ஆண்டி வார்ஹால் அதில் படம் வரைந்து காட்டினார். வேறு சில படங்களும் வரைந்து பார்த்தார். 1987-ல் அவர் காலமானார். தட்டுகள் பிட்ஸ்பர்க் நகரில் அவர் பெயரால் அமைந்த மியூசியத்தில் தங்கிவிட்டன. கார்னகி மெலன் பல்கலைக் கழகத்துக் கம்ப்யூட்டர் சங்கத்தார் அவற்றைப் பக்குவமாகப் பிரதி எடுத்தனர். படங்களோ விநோதமான கோப்பு முறையில் இருந்தன. பிரதி கையில் இருந்ததால், மூலத் தட்டைத் தொடாமலே அந்த முறையை ஆராய முடிந்தது. மூன்று கண் கொண்ட ஒரு வீனஸ், ஒரு சூப் டப்பா முதலிய படங்கள் 2014-ல் உலகத்தின் பார்வைக்கு வந்தன.

இப்படிப் பிரதி எடுக்கும் மென்பொருள்களில் பல, ஆர்வலர்கள் ஓய்வு நேரத்தில் எழுதி இலவசமாகத் தருபவை. உலகத்திலுள்ள எல்லா யந்திரங்களையும் எல்லா டிரைவ்களையும் அவர்கள் தங்கள் வீட்டில் வைத்திருக்க முடியுமா? உபயோகிப்பவர் எழுதும் கடிதம்தான் அவர்களுக்குக் கண். "வேலை செய்யவில்லை" என்று ஒரு வரி எழுதினால் அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்! எந்தக் கம்ப்யூட்டர், எந்த டிரைவ், மென்பொருளின் எந்தப் பதிப்பு, எத்தனையாவது பாதையில் நின்றது, வேறு டிரைவில் போட்டால் படிக்கிறதா என்று எழுதினால், அடுத்த பதிப்பில் குறை தீர வழியுண்டு.

"பேஷாக வேலை செய்கிறது" என்று எழுதுவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. படிக்க முடியாத பகுதிகளை வெற்றிடமாக நிரப்பிக்கொண்டு, கோப்பு சரியான அளவிலேயே வந்து நிற்பதுண்டு. அதை நம்பி மூலத் தட்டைக் குப்பையில் போட்டால், போனது போனதுதான். பிழை அறிக்கையைப் பாருங்கள். பழைய யந்திரத்தைப் போலவே நடிக்கும் எமுலேட்டரில் பிரதியைப் போட்டு, ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பாருங்கள். பிறகு பாராட்டி எழுதுங்கள். சம்பளமில்லாமல் உழைப்பவருக்கு அதுவும் வேண்டியதுதானே?

உங்கள் அலமாரியிலும் 1990களின் பிளாப்பிகள் சில தூங்கிக்கொண்டிருக்கலாம். தங்கையின் கல்யாண அழைப்பிதழோ, அப்பா தட்டச்சு செய்த கடிதங்களோ அதில் இருக்கக்கூடும். பூஞ்சை தெரிந்தால் டிரைவில் செருகாதீர்கள். தட்டும் கெடும், டிரைவும் கெடும். விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்து, இந்த வருஷமே பிரதி எடுத்துவிடுங்கள்.